மேலகரமும் மாநகரமும்



1943இல் வெளிவந்த ஒரு சிறுகதையின் தொடக்கத்தில், சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் ஒரு மனிதர் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் போனால் அரைக் கோப்பைக் காப்பிக்கு வழியுண்டு, வெற்றிலை கிடையாது. அவர் போகவேண்டிய இடம் திருவல்லிக்கேணி. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் அக்கதையை அறியாத தமிழ் வாசகர் அரியர். ஆனால் அந்தக் கந்தசாமிப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஓர் ஊர்ப்பெயர் நிற்பதைப் பலரும் கடந்து போய்விடுகின்றனர். அவர் மேலகரம் கந்தசாமிப் பிள்ளை.

மேலகரம் என்றதும் நெல்லைச் சீமையின் வாசகருக்கு நினைவில் எழுவது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள இந்த ஊர்தான். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரும் அதுவே. பதினெட்டாம் நூற்றாண்டில் அருவியையும் மந்தியையும் வானத்தையும் பாடியவரின் ஊர்ப்பெயர், இருபதாம் நூற்றாண்டில் டிராம் கட்டணத்துக்கும் வெற்றிலைக் காசுக்கும் நடுவே தத்தளிக்கும் ஒரு மனிதருடன் ஒட்டிக்கொண்டு சென்னையின் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. இவ்வட்டம் தென்காசியில் கூடிப் பத்தாண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், தொடக்க நாளில் இந்த அவையில் கவிதை வாசித்த இளைஞர் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் ஒற்றை அறைகளில் வாழ்கின்றனர். ஆகவே, பெருநகரில் தனித்து வாழ்தலைத் தமிழ் எவ்வாறு எதிர்கொண்டது என்னும் கேள்வியை இந்த மேலகரத்திலிருந்து தொடங்குவது பொருந்தும்.

கதைக்குத் திரும்பலாம். கந்தசாமிப் பிள்ளைக்குச் சென்னையில் வீடு உண்டு, மனைவி காந்திமதி உண்டு, குழந்தை வள்ளி உண்டு. வைத்தியப் பத்திரிகை ஒன்றும் உண்டு. நகரில் தனியராக வந்து நிற்பவர் அவர் அல்லர், கடவுள். வழி கேட்டு நிற்கிறார். காப்பிக் கடைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். பணம் கொடுப்பது எப்படி என்பதிலிருந்து பேசுவது எப்படி என்பது வரை ஒவ்வொன்றிலும் தடுமாறுகிறார். பிழைப்புக்கு வழி தேடித் தம் கூத்தை ஒரு செல்வரின் முன்னே ஆடிக் காட்டுகிறார், அது எடுபடவில்லை. குற்றாலத்துச் சித்திர சபையில் ஆடல்வல்லானாக எழுதப்பட்டிருப்பவருக்குச் சென்னையில் ஆடுவதற்கு ஒரு மேடை கிடைக்கவில்லை என்று தென்காசிக்காரர் படித்துக்கொள்ள உரிமையுண்டு. இறுதியில், மனிதர்களுக்கு எட்ட நின்று வரம் தரலாமேயன்றி உடனிருந்து வாழ இயலாது என்று ஒப்புக்கொண்டு கடவுள் விடைபெறுகிறார். இக்கதையைக் கடவுட் கொள்கையின் மீதான எள்ளலாக மட்டும் வாசித்தது திறனாய்வாளர் செய்த சிறு அநீதி. ஊரில் எல்லாராலும் அறியப்பட்ட ஒருவர், எவராலும் அறியப்படாத ஓரிடத்தில் தம்மை மீண்டும் முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் அவலமும் அதில் இருக்கிறது. கோயில் நகரத்தில் பிறந்து பெருநகருக்கு வேலை தேடிப் போன எவரும் முதல் ஆறு மாதங்கள் அந்தக் கடவுளின் நிலையில்தான் இருக்கின்றனர்.

புதுமைப்பித்தன் இதைக் கேள்வியால் அறிந்தவர் அல்லர். 1906இல் பிறந்து 1948இல் மறைந்த அவரது குறுகிய வாழ்வின் சென்னை ஆண்டுகளில் கணிசமான காலம் மனைவி கமலா உடனில்லாமலே கழிந்தது. அந்நாளில் அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் தலைப்பில் 1994இல் நூலாயின. பணம் அனுப்ப இயலாமை, உடல்நலக் குறைவு, அடுத்த மாதம் அழைத்துக்கொள்வதாகத் தரும் உறுதிமொழி, அது தள்ளிப்போவதற்கான சமாதானம் என்று அக்கடிதங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கதைகளில் உலகத்தையே எள்ளிய பேனா, கடிதத்தில் கெஞ்சுகிறது. கமலா அம்மையார் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர். சென்னையையும் திருவனந்தபுரத்தையும் இணைத்த மீட்டர் பாதை தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத்தான் மலையைக் கடந்து கொல்லத்தை அடைந்தது. 1904இல் திறக்கப்பட்ட பாதை அது. தனிமையை ஊருக்கும் நகருக்கும் இடையே சுமந்து சென்ற இருப்புப்பாதை இந்த மண்ணில்தான் கிடக்கிறது.

இனி, ஒரு பழைய வழக்கு. பிரிவைப் பாடுவதில் தமிழுக்கு இணையில்லை என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அது உண்மையே, ஆனால் அரை உண்மை. பிரிந்தவனை எதிர்நோக்கி வீட்டிலிருப்பவளுக்கு முல்லை இருக்கிறது. போகின்ற வழியின் வெம்மைக்குப் பாலை இருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவன் எப்படி இருந்தான், எங்கே தங்கினான், மாலையில் யாரோடு பேசினான் என்பதற்குத் தனித் திணை இல்லை. பாசறையில் இருக்கும் வேந்தனைப் பற்றியும் வினைமுற்றி மீள்பவனைப் பற்றியும் பாடல்கள் உண்டுதான். ஆனால் பொருள் தேடிப் போனவன் ஓர் அயல் நகரில் ஆண்டுக்கணக்கில் வைகிய வைகல்களைச் சங்கப் பாடல் பெரிதும் பாடாது விட்டது. பட்டினப்பாலையை எடுத்துக்கொள்ளலாம். காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகம், அங்காடி, பண்டசாலை, பன்மொழி பேசும் மாக்கள் என்று ஒரு மாநகரம் முழுவதையும் உருத்திரங்கண்ணனார் விரித்துக் காட்டுகிறார். எதற்காக? அந்நகரே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் சொல்வதற்காக! நகரைப் பற்றிய தமிழின் பெரும் பாட்டுகளுள் ஒன்று, நகருக்குப் போகாமல் நின்றுவிட்டவனின் பாட்டாக அமைந்தது விந்தையே. அதற்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசிலாகத் தரப்பட்டதாகக் கலிங்கத்துப்பரணி சொல்லும்.

போனவனுக்குப் பாட்டில்லாமல் போனதற்கு இலக்கணத்திலேயே ஒரு காரணம் இருக்கக்கூடும். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பிய மரபு. நிலமும் பொழுதுமே முதற்பொருள். ஒருவர் ஒரு நிலத்தில் நின்றுகொண்டு மற்றொரு நிலத்தின் பொழுதில் வாழ்ந்தால் அவரை எந்தத் திணையில் வைப்பது?

இது வெறும் இலக்கண விளையாட்டு அன்று. குற்றாலத்துச் சாரலை அறிந்த உடம்பு இதை நன்கு அறியும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும்போது தென்காசியின் தெருக்களில் வெயிலும் தூறலும் கலந்து விழுகின்றன. பேரருவியில் நீர் பெருகிற்றா, ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுகிறது என்பதே ஊர்ப்பேச்சு. அதே ஜூனில் சென்னை எரிந்துகொண்டிருக்கும். அங்குள்ளோருக்கு மழைக்காலம் என்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவது. தென்காசியிலிருந்து போய் அங்கே தனியறையில் வாழ்கிறவரின் தோல் ஆனி பிறந்ததும் காரணமின்றிக் காற்றைத் தேடுகிறது. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டி வெப்பத்தை இந்தப் பக்கம் ஊதுகிறது. பக்கத்து அறைக்காரரிடம் ‘சாரல் தொடங்கியிருக்கும்’ என்று சொன்னால் அவருக்கு அது ஒரு வானிலைச் செய்தி. சொன்னவருக்கோ அது ஊர், பிள்ளைப்பருவம், ஈரத்துணியோடு வீடு திரும்பிய மாலை. மொழி ஒன்றாயிருந்தும் ஒரு சொல் தன் முழுப்பொருளோடு சென்று சேராத இந்த நிலையைத்தான் நகரத் தனிமை என்று சொல்லவேண்டும். ஆள் இல்லாமை அதற்கு அடுத்தது.

காசி விசுவநாதர் கோயில் வாயிலைக் கடந்தவர்கள் மற்றொன்றையும் அறிவர். கோபுரத்தின் உள்ளே நுழையும்போது காற்று ஒரு பக்கமாக அழுத்தும். கடந்ததும் வேறொரு பக்கமாக வீசும். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் அது. இடைக்காலத்தில் சிதைந்து நின்ற கோபுரம் மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. இந்தக் கோயிலைப் பின்னாளில் பழுதுபார்த்துக் காப்பவர்களின் பாதங்களை முன்கூட்டியே வணங்கிக் கல்லில் எழுதி வைத்தவன் அம்மன்னன். இன்னும் பிறவாத, முகமறியாத ஒருவரோடு இப்படி உறவு கொண்டாட முடிந்த ஊர், தன்னைவிட்டு முந்தைய ஆண்டு போன பிள்ளையோடு தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா’ என்பதற்கு மேல் பேசத் தெரியாமல் நிற்பது வருந்தத்தக்கது.

ஊர் பேசிய காலமும் ஒன்று இருந்தது. ரசிகமணி டி.கே.சி. 1930களின் முற்பகுதியில் சென்னையில் அறநிலையத் துறை ஆணையராகப் பணியாற்றிவிட்டுப் பின்னர்க் குற்றாலத்தில் குடியமர்ந்தார். 1954இல் மறையும்வரை அந்த வீடு அன்பர்களின் சந்திப்பிடமாக விளங்கிற்று. அவர் கடிதங்கள் தமிழுரைநடையின் தனிச்செல்வம் என்பது பலமுறை சொல்லப்பட்டதுதான். இங்கே கருதத்தக்கது அவற்றின் திசை. நகரத்திலிருந்து ஊருக்கு ஏக்கம் போவது இயல்பு. ஊரிலிருந்து நகருக்கு ஒருவர் அருவியையும் கவியையும் உறையிலிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தது அரிது. ராஜவல்லிபுரத்துக்காரரான வல்லிக்கண்ணன் இதை மறுதலையாகச் செய்தார். மணம் புரியாமல் எழுத்தையே வாழ்வாகக் கொண்டு நெடுங்காலம் சென்னையில் இருந்த அவர், எங்கோ ஒரு சிற்றூரில் முதல் கவிதை அச்சான பையனுக்கும் அஞ்சலட்டையில் ஒரு பாராட்டு எழுதினார். 2006இல் அவர் மறைந்தபோது அந்த அட்டைகளைப் பத்திரப்படுத்தியிருந்தோர் ஊர்தோறும் இருந்தனர். தனிமையை வெல்ல அவர் ஆட்களைத் தேடி அலையவில்லை. நாள்தோறும் அஞ்சல் பெட்டிவரை நடந்தார்.

பின்னர் வந்தது மேன்ஷன் காலம். திருவல்லிக்கேணியின் அடுக்குவிடுதிகள், ஓர் அறையில் மூவர், கொடியில் தொங்கும் சட்டைகள், மாதச்சீட்டு உணவகம் என்னும் அந்த உலகம் தமிழ்ச் சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் நன்கு பழக்கமானது. தென்காசியில் பல்லாண்டு வாழ்ந்தவரும் 2021இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவருமான விக்ரமாதித்யன், பத்திரிகைப் பணிக்காகச் சென்னைக்குப் போவதும் வேலையை உதறி ஊருக்குத் திரும்புவதுமாகவே தம் கவிவாழ்வை நடத்தினார். 1982இல் வந்த ‘ஆகாசம் நீலநிறம்’ தொடங்கி, நகரத்தில் கால் ஊன்றாத ஒருவனின் குரல் அவரிடம் கேட்கிறது. பழகிக்கொள்ளுதலை ஒரு வெற்றியாக அவர் ஒருபோதும் பாடவில்லை. கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய கவிதைப் பட்டறைகளுக்கு நகரத்துக் கவிஞர்கள் வந்து தங்கி, விடிய விடியப் பேசிச் சென்றனர். அறைகளில் ஒண்டியாக எழுதியவர்கள் அருவிக்கரையில் கூட்டமாயினர்.

இவ்வளவும் ஆண்களின் தனிமை. அதை எழுதியவர்களும் அவர்களே. அவர்களுக்குப் பெருநகரம் வறுமையைத் தந்தது, நோயைத் தந்தது. ஆனால் ‘ஏன் தனியாக இருக்கிறாய்’ என்று எவரும் கேட்கவில்லை. வாடகைக்கு அறை கேட்டபோது அவர்களிடம் முன்பணம் கேட்கப்பட்டது, ஒழுக்கச் சான்று கேட்கப்படவில்லை.

இன்று ஆலங்குளத்திலும் கடையத்திலும் பீடி சுற்றும் தாய்மார் தம் விரல்களின் கூலியில் பெண்மக்களைப் பொறியியலும் செவிலியமும் படிக்க வைக்கின்றனர். அப்பெண்கள் வேலைக்குப் போகுமிடம் சென்னை, கோவை, பெங்களூர். அங்கே முதல் மாதத்தில் ஒருத்தி கற்பவற்றை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. ஒருவருக்குச் சமைத்தல் நால்வருக்குச் சமைப்பதைவிடக் கடினம். அரிசி அளக்கும் கை பழைய கணக்கிலேயே அளக்கும், மிஞ்சியது மறுநாள் காலை உணவாகும். காய்ச்சல் வந்தால் வெந்நீர் வைக்கவும் தானே எழவேண்டும். வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு முகம் மாறாமல் விடை சொல்லவேண்டும். இரவுப்பணி முடிந்து வரும் நேரத்தைக் காவலாளி குறிப்பேட்டில் எழுதுவான். இவை எல்லாம் சில மாதங்களில் பழகிவிடுகின்றன. பூட்டிய அறையைத் தன் கையால் திறந்து, விளக்கைப் போட்டு, தனக்கென்று ஒரு தேநீர் வைத்துக் குடிப்பதில் பிறர் எவருக்கும் சொல்லாத ஒரு நிறைவும் அவளுக்கு வந்து சேர்கிறது. தனிமை துன்பம் மட்டுமே என்று பாடிப் பழகிய கவிஞர்கள் அந்தத் தேநீரைக் கவனிக்கவேண்டும்.

பழகாதது ஒன்றுதான். அது நகரத்தில் இல்லை. பொங்கலுக்கோ கொடைக்கோ விடுப்பெடுத்துச் சென்னையிலிருந்து இரவில் பொதிகை வண்டி ஏறுகிறாள். காலையில் தென்காசியில் இறங்குகிறாள். தெருமுனையிலேயே முதல் கேள்வி வருகிறது: ‘யாரு கூடம்மா வந்தே?’ ‘தனியாத்தான் அத்தை.’ அதன்பின் கையிலிருக்கும் கைபேசியின் விலை, காதிலிருக்கும் கம்மலின் எடை, சம்பளம், தங்குமிடம், உடனிருப்போர் என்று விசாரணை நீள்கிறது. ஓராண்டு முழுதும் அயலாரிடையே நிமிர்ந்து நின்றவள் தன் சொந்தத் தெருவில் குனிந்து நடக்கிறாள்.

இந்த விசாரணை புதியதன்று. மேலகரத்துக் கவிராயர் அதை முன்னரே பாடி வைத்திருக்கிறார். குறவஞ்சியில் வசந்தவல்லிக்கே பெரும்புகழ். ஆனால் நூலின் உயிர் சிங்கியிடம் இருக்கிறது. கூடையும் கோலும் கொண்டு ஊர் ஊராகத் தனித்துச் சென்று, தன் வித்தையால் பொருள் ஈட்டித் திரும்புகிறவள் அவள். காணாது தேடியலைந்த சிங்கன் அவளைக் கண்டதும் முதலில் கேட்பது, சொல்லாமல் எங்கே போனாய் என்று. குறி சொல்லப் போனேன் என்கிறாள். பிறகு அவன் கண் அவள் காலில் தொடங்கி மேலே ஏறுகிறது. காலில் பாம்புபோல் சுற்றிக் கிடப்பது என்ன? அது சிலம்பு, சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது. இது என்ன, அது என்ன என்று ஒவ்வோர் அணியாக அவன் கேட்க, ஒவ்வொன்றுக்கும் அது இன்னார்க்குக் குறி சொன்னதற்குக் கிடைத்தது என்று அவள் விடை தருகிறாள். மேடைகளில் இப்பகுதி நகைச்சுவையாக நடித்துக் காட்டப்படுகிறது. அவையும் சிரிக்கிறது. சற்று நின்று கேட்டால் அது ஐயத்தின் உரையாடல் என்பது விளங்கும். சிங்கியின் விடைகளில் நடுக்கம் இல்லை. அவள் அணிந்திருப்பவை அனைத்தும் கூலி. இரவல் ஒன்றுமில்லை, பிறர் இரக்கம் ஒன்றுமில்லை. தமிழிலக்கியத்தில் தன் உழைப்பின் ஊதியத்தை உறுப்புத்தோறும் அணிந்துகொண்டு, தனியே போய்த் தனியே மீண்ட பெண் இவளைப்போல் வேறொருத்தி உண்டா என்பது தேடத்தக்கது.

சிலம்பிலும் ஒரு பெண் அயல் நகருக்கு வருகிறாள். அவளைத் தனியே விட இளங்கோவடிகள் அஞ்சினார் போலும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் இடத்துக்கு ‘அடைக்கலக் காதை’ என்றே பெயர். அடைக்கலம் தந்தது ஓர் ஆயர்சேரி. தமிழ்நாட்டரசு பணிபுரியும் மகளிர்க்காக அமைத்துள்ள விடுதிகளுக்குத் ‘தோழி’ என்று பெயர் சூட்டியிருக்கிறது; 2023 முதல் அவை செயற்படுகின்றன. சங்க அகப்பாட்டில் தலைவிக்காகப் பேசியவளும், சினந்தவளும், பொய் சொன்னவளும், உடனிருந்து உறங்காதவளும் தோழி. அந்தப் பெயர் இன்று ஒரு கட்டடத்துக்கு வந்திருக்கிறது. அதைக் குறையென்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பான அறை பெரிது. ஆனால் தோழி கூற்றாக ஒரு பாடல் அந்தக் கட்டடத்திலிருந்து எழுந்ததாக இந்த மலரின் பக்கங்களில் சான்று இல்லை. மலரில் உள்ள கவிதைகளில் ஊரை விட்டுப் போனவனின் ஏக்கம் பலமுறை வருகிறது. போனவள் அடுத்தவர் கண்ணில் படும் ஓவியமாகவே வருகிறாள். அவளே எழுதியது ஒன்றுகூட இல்லை. வட்டத்தின் கூட்டங்கள் மாலை ஏழு மணிக்கு மேல் நடப்பதும், பெண்களுக்கு அழைப்பிதழ் அவர்தம் தந்தையர் பெயரில் போவதும் இதற்குத் தொடர்பற்றவை என்று கொள்ள இயலாது.

திரிகூடராசப்பக் கவிராயர் பெருங்கவிஞர். சிங்கியை அவர் எங்கும் தாழ்த்தவில்லை. ஆயினும் அவரிடமும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. சேலத்துக்கும் குற்றாலத்துக்கும் இடையில் அவள் எத்தனை இரவுகள் தங்கினாள், எந்தத் திண்ணையில் உறங்கினாள், மழை பெய்த இரவில் கூடையை எங்கே ஒதுக்கினாள், தனக்கென்று மட்டும் உலை வைத்தபோது என்ன நினைத்தாள் என்பவற்றை நூல் சொல்லவில்லை. சிலம்பைப் பற்றியும் தண்டையைப் பற்றியும் அவ்வளவு கேட்ட சிங்கனும் அதைக் கேட்கவில்லை.